மாதம் 149 ரூபாய்க்குப் படம் காட்டுகிறார்கள்: ஒரு நிதி சார்ட் சேவையோடு ஆறு மாதம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆப்பின் பெயரைப் போடப் போவதில்லை. நடத்துகிறவர்கள் நாலைந்து சின்னப் பசங்க மாதிரி தெரிகிறது, உழைக்கிறார்கள். நான் சொல்லப்போகும் குறைகளில் பாதி இதே மாதிரி வந்திருக்கிற மற்ற சேவைகளுக்கும் அப்படியே பொருந்தும். விஷயம் இதுதான்: தினமும் காலை 7 மணிக்கு போனில் ஒரு படம் வரும். ஒருநாள் ஏதாவது கம்பெனியின் வரவு செலவு, மறுநாள் வங்கிகள், அதற்கடுத்த நாள் எந்த நாட்டுக் கடன் எவ்வளவு என்று. கூடவே இரண்டு நிமிட ஆடியோ. எல்லாம் தமிழில். மாதம் 149 ரூபாய்.

நான் மன்னார்குடியில் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். டேலியில் பதினைந்து வருடமாக விரல் தேய்ந்தவனுக்குப் படம் எதற்கு என்று கேட்கலாம். எனக்கு இல்லை, சித்தப்பாவுக்குத்தான். நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கிறார், வயது 71, ஒன்பது மா நிலம். டிவியில் பங்குச் சந்தை ஓடினால் ஒலியைக் குறைக்காமல் பார்ப்பார், புரியாததை என்னிடம் கேட்பார், என்னால் சொல்ல முடியாது, அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். சரி, படமாக வந்தால் இரண்டு பேருக்குமே உதவும் என்றுதான் சந்தா கட்டினேன். போன் திரையில் அவருக்குக் கண் பிடிக்கவில்லை, அதனால் நல்ல படமாக வந்தால் ஜெராக்ஸ் கடையில் பத்து ரூபாய்க்குக் கலர் பிரிண்ட் எடுத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோவேன். ஆக, இந்த விமர்சனத்தில் பாதி அவருடையது.

நல்லதை முதலில் சொல்கிறேன். வந்த படங்களில் சிறந்தது ஆப்பிள் கம்பெனியின் 2023 நிதியாண்டுக் கணக்கு. இடது பக்கம் ஐபோன், சர்வீஸ், மேக் என்று தனித்தனிப் பட்டைகள் வந்து சேர்ந்து தடித்த ஒரே பட்டையாகி, வலது பக்கம் போகப்போகச் செலவு, ஆராய்ச்சி, வரி என்று கிளை பிரிந்து, கடைசியில் லாபம் மட்டும் பச்சை நிறத்தில் மெலிந்து நிற்கும். இதற்கு சாங்கி வரைபடம் என்று பெயர். 1898-ல் சாங்கி என்ற ஐரிஷ்காரர் நீராவி இயந்திரத்தில் போடும் சூடு எங்கெல்லாம் வீணாகப் போகிறது என்று காட்டுவதற்கு இப்படி வரைந்தார், அதிலிருந்து அந்தப் பெயர். மொத்த விற்பனை 38,330 கோடி டாலர், நிகர லாபம் 9,700 கோடி டாலர். நூறு ரூபாய் உள்ளே வந்தால் 56 ரூபாய் பொருள் செய்யும் செலவுக்கே போய்விடுகிறது, கடைசியில் கையில் நிற்பது 25.

சித்தப்பா பிரிண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "இது மூணாறு தலைப்புடா" என்றார். நீடாமங்கலத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெண்ணாறு வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிற இடம். எந்த ஷட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எங்கள் பக்கம் வருகிற தண்ணீரில் மேலேயே எவ்வளவு பிரிந்து போகிறது என்று வருஷா வருஷம் சண்டை போட்டவர் அவர். "இந்தப் பச்சைதான் கடைமடை. இவனுக்குக் கடைமடை வரைக்கும் நாலுல ஒரு பங்கு வந்து சேருதுன்னா, பலே ஆளுதான்." ஆடியோவில் இரண்டு நிமிடம் பேசிய பெண் இதைச் சொல்லவில்லை.

சண்டை வந்தது வங்கிப் படத்தில்.

ஒரு பெரிய வங்கியின் காலாண்டுக் கணக்கை இதே மாதிரி ஆறு போல வரைந்து அனுப்பியிருந்தார்கள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். மச்சான் உடனே, "வட்டியா மட்டும் இவ்ளோ கோடியா, கந்துவட்டிக்காரன் தோத்தான் போ" என்றான். அத்தை பெண் நாலு கோபப் பொம்மை போட்டாள். வந்த வட்டியில் பெரும்பங்கு டெபாசிட் போட்டவர்களுக்கு வட்டியாகவே திரும்பிப் போகிற கிளை அதே படத்தில் இருந்தது, ஆனால் அது சாம்பல் நிறத்தில் கீழே ஒதுங்கிக் கிடந்தது, யார் கண்ணிலும் படவில்லை. நிறத்தை மாற்றியிருந்தாலே பாதிச் சண்டை வந்திருக்காது. சித்தப்பா கேட்டது வேறு: "எல்லாம் சரி, என் டெபாசிட் இதுல எந்தக் கிளையில ஓடுது?"

நல்ல கேள்வி. எந்தக் கிளையிலும் ஓடவில்லை. அவர் போட்ட பணம் வங்கிக்கு வருமானம் இல்லை, கடன். அது இருப்புநிலைக் குறிப்பில் இருக்கும், லாப நஷ்டக் கணக்கில் வராது. இதை நான் டெபிட், கிரெடிட் என்று ஆரம்பித்து அவரைக் குழப்பிக்கொண்டிருந்தேன். அவர் கையை அமர்த்திவிட்டு, "இது கன அடி, அது டி.எம்.சி., அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்! லாப நஷ்டக் கணக்கு ஓடுகிற தண்ணீர், இருப்புநிலைக் குறிப்பு நிற்கிற தண்ணீர். பேப்பரில் தினமும் மேட்டூர் பற்றி நாலு எண் வரும், நீர்மட்டம் இத்தனை அடி, இருப்பு இத்தனை டி.எம்.சி., வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி. அதில் ஓடுவது எது, நிற்பது எது என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். விநாடிக்கு 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும் என்பது சித்தப்பாவுக்கு மனப்பாடம்.

இந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த மாதிரிப் படங்களில் பாதி கலகலத்துப் போகும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. இதே ஆப்பில் ஒரு படம் வந்தது, மற்ற இடங்களிலும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்: ஆப்பிள் கம்பெனியின் சந்தை மதிப்பு 3 லட்சம் கோடி டாலர், பல நாடுகளின் ஜி.டி.பி.யைவிடப் பெரியது. 2023 ஜூன் 30 அன்று அந்த அளவைத் தாண்டித்தான் சந்தை முடிந்தது, எண்ணில் தப்பு இல்லை. ஆனால் சந்தை மதிப்பு என்பது மொத்தப் பங்குகளையும் இன்றைய விலைக்கு வைத்தால் வருகிற தொகை, நிற்கிற தண்ணீர். ஜி.டி.பி. ஒரு நாடு ஒரு வருடத்தில் உண்டாக்குவது, ஓடுகிற தண்ணீர். டி.எம்.சி.யையும் கன அடியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது பெரிசு என்று கேட்கிற மாதிரி. ஆப்பிளின் வருட விற்பனை 38,330 கோடி டாலர் என்று இதே ஆப்தான் முந்தின மாதம் சொன்னது. அதைக்கூட அப்படியே ஜி.டி.பி.யோடு வைக்க முடியாது, வாங்கிய பொருளின் செலவைக் கழிக்க வேண்டும், இருந்தாலும் அது கொஞ்சம் நியாயமான பக்கம். படத்தின் கீழே ஒரு வரி போட்டிருக்கலாம். ஆதரவு மெயிலுக்கு எழுதினேன். "உங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது, எட்டு நாள் கழித்து.

அடுத்து வட்டங்கள். இது கொஞ்சம் நீளும்.

2009 ஜனவரியில் ஜே.பி. மார்கன் என்ற அமெரிக்க வங்கியின் பெயரில் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. 2007 நடுவில் பெரிய வங்கிகளின் சந்தை மதிப்பு என்ன, 2009 ஜனவரி 20 அன்று என்ன என்று ஒவ்வொரு வங்கிக்கும் ஒரு பெரிய வட்டம், அதற்குள் ஒரு குட்டி வட்டம். பார்த்தவர்களுக்கெல்லாம் வயிற்றைக் கலக்கியது. சிட்டி குரூப் 25,500 கோடி டாலரில் இருந்து 1,900 கோடி டாலருக்கு வந்திருந்தது, பெரிய வட்டத்துக்குள் அது ஒரு புள்ளி. கொஞ்ச நாளில் கணக்குத் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: வட்டத்தின் பரப்பளவை மதிப்புக்கு ஏற்பச் சுருக்குவதற்குப் பதில் விட்டத்தைச் சுருக்கியிருக்கிறார்கள். மதிப்பு விழுந்தது 13 மடங்குக்குக் கொஞ்சம் மேல், கண்ணுக்குத் தெரிவது 180 மடங்கு. பலர் திருத்தி வரைந்து போட்டார்கள், ஆனால் தப்புப் படம் போன வேகத்தில் திருத்தம் போகவில்லை. இந்த ஆப் "நிதி நெருக்கடியின் வரலாறு" என்ற வரிசையில் அந்தப் பழைய படத்தையே, திருத்தாமல், தமிழ் எழுத்து மட்டும் போட்டு அனுப்பியிருந்தது. 149 ரூபாய் வாங்கிக்கொண்டு இதைச் செய்யலாமா?

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் இதைச் செய்தே பார்த்தோம். சித்தி காபி கொடுத்த டபராவைக் காலண்டர் அட்டையின் பின்பக்கம் கவிழ்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன், குறுக்கே 11 சென்டிமீட்டர் இருந்தது. அது 2007. ஆப் அனுப்பிய கணக்குப்படி உள்ளே என்ன வர வேண்டும் என்று பார்த்தால் விட்டம் 8 மில்லிமீட்டர், ஒரு கொண்டைக்கடலையை வைத்தால் சரியாக இருந்தது. பரப்பளவுக் கணக்குப்படி 3 சென்டிமீட்டர் வர வேண்டும், பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. டபராவுக்கு நடுவில் கடலையையும் நாணயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். சித்தி எட்டிப் பார்த்துவிட்டு, "காசு விழுந்துருக்கு, கடலை செத்தே போச்சு" என்றார். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

சித்தப்பா அதற்கும் மேட்டூரைத்தான் இழுத்தார். அணை நிறைந்தால் 120 அடி, 93.47 டி.எம்.சி. அறுபது அடி இருக்கிறது என்றால் வெளியூர்க்காரன் பாதி அணை தண்ணீர் இருக்கிறது என்று நினைப்பான். கீழே குறுகி மேலே விரிந்த அணை, அறுபது அடியில் கால்வாசியைக் கொஞ்சம் தாண்டித்தான் இருக்கும். "அடியைக் காட்டிட்டு டி.எம்.சி.ன்னு சொல்லியிருக்கான் அந்த வெள்ளைக்காரன்." திறப்பு தள்ளிப்போகுமா, ஜூன் 12 தாங்குமா, குறுவை போடலாமா என்று ஒவ்வொரு வருஷமும் இந்த அடியையும் டி.எம்.சி.யையும் மாற்றி மாற்றிக் கணக்குப் போட்டு வாழ்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு தமிழ் சேவை இந்த உவமையை ஒருமுறைகூடத் தொடவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஆடியோவில் பீட்சாவைத் துண்டு போடுகிறார்கள்.

மொழிக்கு வருகிறேன். உலகின் பெரிய வங்கிகள் எவை என்று ஒரு படம், சொத்து அளவில் முதல் நாலும் சீன வங்கிகள், தலையில் ஐ.சி.பி.சி. நல்ல படம். தலைப்பு: "உலக வங்கி சொத்துகள்". உலக வங்கி என்றால் வாஷிங்டனில் இருக்கிற, நம் அணைகளுக்கும் சாலைகளுக்கும் கடன் கொடுக்கிற அது. மச்சான் அதை வைத்து, உலக வங்கியைச் சீனாக்காரன் வாங்கிவிட்டான் என்று ஒரு நாள் முழுக்கப் பேசினான். ஒரு "கள்" விட்டுப்போனதற்கு.

அதைவிடப் பெரியது தள்ளுபடி. இந்திய வங்கிகளின் மொத்த வாராக்கடன் 2018 மார்ச்சில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2024 மார்ச்சில் 2.8-க்கு இறங்கியது. கோடு அழகாக மலையில் இருந்து இறங்குகிறது. அதன் கீழே ஆப் எழுதியிருந்த காரணங்களில் ஒன்று, "கடன் தள்ளுபடி". அவ்வளவுதான், குழு இரண்டாகப் பிரிந்தது. வங்கியெல்லாம் தேறிவிட்டது என்று ஒரு கட்சி, பெரிய முதலாளிக்கெல்லாம் தள்ளுபடி, நமக்கு ஜப்தி நோட்டீஸ் என்று இன்னொரு கட்சி. தமிழில் இந்த ஒரே சொல் எத்தனை வேலை பார்க்கிறது பாருங்கள். ஜவுளிக்கடையில் ஆடித் தள்ளுபடி, அது விலைக்குறைப்பு. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி, 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய், அது கடனே இல்லை என்று ஆக்குவது. வங்கி செய்வது மூன்றாவது வகை: பல வருடம் வராத கடனுக்கு லாபத்தில் இருந்து முழுசாக ஒதுக்கீடு செய்துவிட்டு ஏட்டில் இருந்து எடுத்துவிடுவது. வாங்கியவன் இன்னும் கடன்காரன்தான், வழக்கு நடக்கும், வசூலானால் வங்கியின் வருமானத்தில் சேரும். எவ்வளவு வசூலாகிறது என்பது வேறு கதை, அதில் கோபப்பட நியாயம் இருக்கிறது. ஆனால் எதைப் பற்றிக் கோபம் என்று தெரிய வேண்டும் இல்லையா?

2021-ல் சொசைட்டியில் தள்ளுபடிச் சான்று கையில் வாங்கியவர் சித்தப்பா. பீரோவில் இன்னும் இருக்கிறது. அவர் என்னிடம் கேட்டது: "அவங்களுக்கும் சான்று கொடுத்தாச்சா?" இல்லை என்றேன். "அப்ப அது தள்ளுபடி இல்ல, தள்ளி வைக்கிறது" என்றார். ஆப்காரர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளலாம், காசு கேட்க மாட்டார்.

சில்லறைக் குறைகள் நிறைய. நிமிர்த்தி எழுதுகிற இடங்களில் தமிழ் எழுத்து உடைகிறது, "கொ" வர வேண்டிய இடத்தில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஒரு படத்தில் கோடி, அடுத்த படத்தில் பில்லியன். ஒருநாள் பில்லியனை நூறு கோடிக்குப் பதில் பத்து கோடி என்று போட்டு அமெரிக்க வங்கிகளையெல்லாம் பத்தில் ஒன்றாக்கிவிட்டார்கள், மறுநாள் சத்தமில்லாமல் மாற்றினார்கள். சந்தாவை நிறுத்துகிற பொத்தானைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு இருபது நிமிடம் ஆனது, ஆட்டோ பே மட்டும் முதல் திரையிலேயே இருக்கிறது.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு, அது ஊர்ப்பாசம் என்று நீங்கள் சொல்லலாம். 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி திவாலானதையும் அதன் சூட்டில் 1907-ல் இந்தியன் வங்கி பிறந்ததையும் ஒரு காலக்கோடாகப் போட்டார்கள். அதை முன்னின்று நடத்திய வி. கிருஷ்ணசாமி ஐயர் திருவிடைமருதூரில் பிறந்தவர். அதற்கு மூன்று வருடம் முன்னாலேயே, 1904-ல், கும்பகோணத்தில் கும்பகோணம் பேங்க் ஆரம்பித்தாகிவிட்டது, இன்றைய சிட்டி யூனியன் வங்கி, தலைமையகம் இன்னும் அங்கேதான். காலக்கோட்டில் இது இரண்டுமே இல்லை. மும்பை, கல்கத்தா எல்லாம் இருந்தது.

இவ்வளவு திட்டிவிட்டு ஏன் ஆறு மாதம் கட்டினாய் என்றால், போன மாதம் வந்த ஒரு படத்துக்காக. 2022 கடைசியில் அமெரிக்க வங்கிகள் கையில் வைத்திருந்த பத்திரங்களில் ஏறிக்கிடந்த, விற்காததால் கணக்கில் வராத நஷ்டம் 62,000 கோடி டாலர். பூஜ்யத்துக்குக் கீழே சிவப்புத் தூண்களாகத் தொங்கும். களத்தில் கிடக்கிற நெல்லுக்கு விலை இறங்கின மாதிரிதான், விற்காதவரை ஏட்டில் நஷ்டம் இல்லை, வீட்டில் கல்யாணம் வந்து விற்றே ஆக வேண்டும் என்றால் தெரியும். சிலிக்கான் வேலி வங்கிக்கு அப்படி ஒரு கல்யாணம் 2023 மார்ச் 9 அன்று வந்தது, ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க வாடிக்கையாளர்கள் வரிசை கட்டினார்கள், மறுநாள் மூடிவிட்டார்கள். அந்த வங்கியின் டெபாசிட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. கடைசி வரியில் இந்தியக் கணக்கும் போட்டிருந்தார்கள்: இங்கே காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய், 2020 பிப்ரவரியில் ஒரு லட்சத்தில் இருந்து உயர்த்தியது, அசலும் வட்டியும் சேர்த்து, எல்லாக் கிளைகளும் சேர்த்து. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சொசைட்டிகளுக்கு இது கிடையாது. சுருக்கமாக, எழுத்து உடையாமல், தப்பில்லாமல் இருந்தது. இந்த ஒரு நாளுக்காகப் பத்துக்கு ஆறு போடுகிறேன், இல்லையென்றால் நாலுதான்.

சித்தப்பா அந்த பிரிண்டை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மில் வாசலில் நிற்கிறார், கையில் மஞ்சள் பை, பைக்குள் இரண்டு டெபாசிட் ரசீது. நீடாமங்கலம் கிளையில் நாலு லட்சம், மன்னார்குடி கிளையில் மூன்று லட்சம், பிரித்துப் போட்டால் பத்திரம் என்று நாலு வருடமாக நிம்மதியாக இருந்திருக்கிறார். இரண்டும் ஒரே வங்கி.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரோடு போனேன். சந்தாவை இன்னும் ஒரு மாதம் நீட்டித்திருக்கிறேன், கலர் பிரிண்ட் செலவு இனிமேல் அவருடையதாம்.